அணைத் தண்ணீருக்கு மேல் அதிவேகப் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டூர், பவானிசாகர் கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பும். நீர்த்தேக்கத்துக்குக் குறுக்கே புல்லட் ரயில் போவதுபோல ஒரு படம் கைப்பேசியில் வரும், அதன் பின்னாலேயே அதே சந்தேகங்களும் வரும். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்துப் பதில் தந்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் நீர்ப்பரப்பின் அகலம் 3 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். உங்கள் பரிசல் துறையில் அகலம் வேறானால் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏனுங்க, டேம் தண்ணிக்கு மேல புல்லட் ரயிலு உட முடியுங்களா, முடியாதுங்களா?

முடியும். சீனாவில் பெய்ஜிங்–ஷாங்காய் அதிவேக ரயில் 2011 முதல் ஓடுகிறது. அந்தத் தடத்தில் 164 கி.மீ. நீளமுள்ள தான்யாங்–குன்ஷான் பாலம் யாங்செங் ஏரியை ஏறக்குறைய 9 கி.மீ. தூரம் கடக்கிறது. சாலைப் பாலம் என்றால் அமெரிக்காவில் பான்சர்ட்ரெயின் ஏரிமேல் 38 கி.மீ. நீளப் பாலம் 1956-லேயே திறந்தாயிற்று. பக்கத்திலேயே இரண்டாவது பாலத்தை 1969-ல் திறந்தார்கள்.

எனவே கட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கட்டினால் யாருக்கு எவ்வளவு மிச்சம், நம் அணைகளின் இயல்புக்கு எந்த வகைக் கட்டுமானம் ஒத்துவரும் என்பவைதான் பேச வேண்டியவை.

அங்க முடியறது இங்க முடியாம போறதுக்கு என்ன கேடு?

மேலே சொன்ன இரண்டும் ஆழம் குறைந்த ஏரிகள். பான்சர்ட்ரெயினின் ஆழமே சுமார் 4 மீட்டர்தான். அவற்றின் நீர்மட்டமும் பெரிதாக ஏறி இறங்காது. நம்முடையவை பாசனத்துக்காகத் தேக்கி, திறந்து, காலியாகும் அணைகள். 1934-ல் முடிந்த மேட்டூருக்கு முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 1955-ல் முடிந்த பவானிசாகருக்கு 105 அடி, 32.8 டி.எம்.சி.

மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடி பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஏறும்போது ஏறுகிற வேகமும் அப்படித்தான். 2024 ஜூலை நடுவில் 50 அடிக்குக் கீழே கிடந்த மட்டம் அதே மாதம் 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. இரண்டே வாரத்தில் எழுபது அடிக்கு மேல். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

கந்தவயல் பாலமே தண்ணிக்குள்ள போயிருதே, இதுல ரயிலுப் பாலம் எப்படிங்க நிக்கும்?

சிறுமுகை அருகே பழைய லிங்காபுரம்–கந்தவயல் பாலம் மூழ்குவது கட்டுமானக் கோளாறால் இல்லை, உயரக் குறைவால். பவானிசாகர் நிரம்பி நூறடியை நெருங்கும்போது தேங்கிய நீர் பின்னோக்கி ஏறிவந்து பாலத்தின் தளத்தையே தாண்டிவிடுகிறது. அந்த நாட்களில் அக்கரை ஊர்களுக்குப் பரிசலும் விசைப்படகும்தான் கதியாக இருந்தது.

நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்தப் பாலத்துக்கும் ஓடையின் வெள்ள மட்டத்தை மட்டும் பார்த்து உயரம் குறித்தால் இதே கதைதான். அணையின் முழு மட்டத்தை எடுத்து, அதற்கு மேல் அலைக்கும் மிதந்துவரும் மரத்துக்கும் சேர்த்து 1.5 மீட்டராவது விட்டு, அதற்கும் மேலேதான் கர்டரின் (தூண்களின்மேல் படுக்கும் உத்திரத்தின்) அடிப்பாகம் வர வேண்டும்.

வெசையாப் போனா எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

3 கி.மீ. தூரத்தை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடக்க 2 நிமிடம் 15 விநாடி. 300 கி.மீ. வேகத்தில் 36 விநாடி. மிச்சம் ஒரு நிமிடம் 39 விநாடி.

அதுவும் ரயில் ஏற்கெனவே 300-ல் ஓடிக்கொண்டு வந்தால்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ரயிலுக்கு, விநாடிக்கு விநாடி சராசரியாக 0.3 மீட்டர் வேகம் கூடுவதாக வைத்தால், 300-ஐத் தொடவே பதினொன்றரை கி.மீ. ஓட வேண்டும். சராசரி 0.6 என்று பிரேக் பிடித்தால் நிற்பதற்கு இன்னொரு 5.8 கி.மீ. ஆக, 17 கி.மீ.க்குக் குறைவான இடைவெளியில் இரண்டு நிலையங்கள் இருந்தால் அந்த ரயில் 300-ஐப் பார்க்கவே பார்க்காது. கொளத்தூரில் ஏறி நாகமரையில் இறங்கப் புல்லட் ரயில் கேட்பது இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. மும்பை–அகமதாபாத் தடத்தில் 508 கி.மீ.க்கு 12 நிலையங்கள்தான், சராசரி இடைவெளி 46 கி.மீ.

வளைவும் இருக்கிறது. 350 கி.மீ. வேகத்துக்குப் பாதையின் வளைவு ஆரம் 7,000 மீட்டர் அளவில் வேண்டும். நம் நீர்த்தேக்கங்கள் மலைகளுக்கு நடுவே கிளைகிளையாகப் பிரிந்து கிடப்பவை. ஏரிமேல் நேராகப் போனாலும் கரை ஏறியதும் மலையைக் குடைந்தே ஆக வேண்டும். படத்தில் பாலம் மட்டும்தான் இருக்கும், அந்தக் குடைவு இருக்காது.

அப்ப வேகமே வேண்டாம்ங்கறீங்களா?

வேகத்தைவிடச் சுற்று பெரிது. ஒரு துறையிலிருந்து அக்கரைக்குச் சாலையில் சுற்றிப் போனால் 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிராமச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால் ஒரு மணி நேரம். குறுக்கே சாதாரண இருவழிப் பாலம் வந்து, அதில் 60-ல் போனால் 3 நிமிடம். 57 நிமிடம் மிச்சம். அதே இடத்தில் 300 கி.மீ. ரயில் பாலம் கட்டினால் கூடுதலாகக் கிடைப்பது 2 நிமிடம் 24 விநாடி.

அந்த இரண்டரை நிமிடத்துக்கு என்ன விலை? மும்பை–அகமதாபாத் திட்டத்தின் முதல் மதிப்பீடு ரூ. 1.08 லட்சம் கோடி, கி.மீ.க்குச் சராசரியாக ரூ. 210 கோடிக்கு மேல். அது பெரும்பாலும் நிலத்தில் தூண் நட்டுப் போகும் மேம்பாதைக்கு. ஆழ்நீரில் இன்னும் கூடும். ஒட்டனூர்–கோட்டையூர் போன்ற துறைகளில் மக்கள் நெடுங்காலமாகக் கேட்பது உயர்மட்டச் சாலைப் பாலம். கணக்கும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

தண்ணி கொறஞ்ச நேரமாப் பாத்து மண்ணக் கொட்டி ரோடு போட்டா சீப்பா முடிஞ்சிருமுங்களே?

கேட்க எளிது. 3 கி.மீ. நீளம், 20 மீட்டர் உயரம், மேலே 12 மீட்டர் அகலம், இரு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று போட்டால் அடி அகலம் 92 மீட்டர் ஆகிவிடும். மொத்த மண் 31 லட்சம் கன மீட்டர். நாலு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) டிப்பரில் அடித்தால் இரண்டே முக்கால் லட்சம் லோடு. அத்தனை கிராவல் எடுக்க எந்தக் கரட்டைக் கரைப்பது? அணைக்குள் 0.11 டி.எம்.சி. இடத்தையும் இந்த மண் பிடித்துக்கொள்ளும்.

அதைவிட மோசமானது, தண்ணீர் இறங்கும்போது வரும் சரிவு. அணை நிறைந்திருக்கும் மாதங்களில் கரைமண் முழுக்க நீர் ஏறி ஊறியிருக்கும். பாசனத்துக்குத் திறந்து வெளியே மட்டம் சட்டென்று இறங்கும்போது மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. வெளியிலிருந்து தாங்கிய நீரின் அழுத்தம் போய்விட, உள்ளே அழுத்தம் அப்படியே நிற்க, சரிவு பெயர்ந்து கீழே உட்காரும். மண் அணைகளில் இதற்கென்றே வடிகால் அடுக்கும் கல்பதிப்பும் வைப்பார்கள். சாலைக் கரைக்கு இரு பக்கமும் அதைச் செய்யப் போனால் இன்னோர் அணை கட்டிய செலவு.

ஏரியை இரண்டாகப் பிரிப்பதன் விளைவுக்கு அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரி உதாரணம். 1959-ல் அங்கே ரயிலுக்காகக் கல் கரை போட்டார்கள். ஆறுகள் வந்து சேராத வடபாதி உப்பு ஏறிச் சிவந்த நிறமாகிவிட்டது. பின்னால் 2016-ல் கரையை வெட்டிப் பாலம் வைக்க வேண்டி வந்தது. நமக்கு உப்புத் தொல்லை இல்லை. ஆனால் வண்டல் கரையின் மேல்பக்கமே தங்கி அங்கே மேடு தட்டும்.

சரிங்க, பாலந்தான்னா அத்தன ஆழத்துல தூணை எப்படி நிறுத்துவாங்க?

முதலில் அடித்தள அளவை. படகிலிருந்து ஒலியலைக் கருவியால் ஆழம் அளந்து, ஒவ்வொரு தூண் இடத்திலும் துளையிட்டுப் பாறைத் துண்டு எடுப்பார்கள். கொங்கு நாட்டில் பாறை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகை. நல்ல கெட்டி. மேலே கிடக்கும் வண்டலும் சிதைந்த பாறையும் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு துளையை வைத்துப் பக்கத்துத் தூணை முடிவு செய்யக் கூடாது.

பிறகு மிதவை மேடையில் ரிக் இயந்திரத்தை ஏற்றி, 1.2 அல்லது 1.5 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாயை (லைனர்) வண்டல் வழியாகப் பாறைவரை இறக்குவார்கள். பாறைக்குள் விட்டத்தின் ஒன்று முதல் மூன்று மடங்கு ஆழம் குடைந்து, அடியில் தங்கும் சேற்றைக் கழுவி எடுத்து, கம்பிக் கூட்டை இறக்கி, ட்ரெமி குழாய் வழியாகக் கீழிருந்து மேலாகக் கான்கிரீட் நிரப்புவார்கள். கான்கிரீட் 150 முதல் 180 மி.மீ. ஸ்லம்ப் (இளக்கத்தைக் காட்டும் சோதனை அளவு) என்ற அளவில் இளக்கமாக இருக்க வேண்டும். குழாயின் முனை எப்போதும் கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அவசரத்தில் குழாயைத் தூக்கிவிட்டால் நடுவில் தண்ணீர் புகுந்து பைல் (தரைக்குள் இறங்கும் இந்த அடித்தூண்) அங்கேயே இரண்டு துண்டு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒலியலைச் சோதனையில்தான் பிடிபடும். சரிவான பாறையில் லைனரின் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து மறுபக்கம் வழியாக மணல் உள்ளே வருவதும், கழுவாத சேற்றின்மேலேயே கான்கிரீட் போட்டுத் தூண் பின்னால் அமிழ்வதும் அடிக்கடி வரும் மற்ற இரண்டு தவறுகள்.

வேலைக்குக் கிடைக்கும் காலமும் குறைவு. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். மட்டம் தாழ்ந்த பிப்ரவரி–ஜூன் மாதங்களை நம்பித்தான் அடிவேலையைத் திட்டமிட முடியும். கர்நாடகத்தில் மழை பெய்து உபரிநீர் வந்துவிட்டால், முன்பு சொன்ன 2024 ஜூலை போல, மேடையும் சாரமும் நாட்கணக்கில் மூழ்கும். ஒப்பந்தத்தில் இதற்கு நாள் ஒதுக்காத வேலை கண்டிப்பாக இழுக்கும்.

தூண் நட்டா அணையில தண்ணி புடிக்கறது கொறையாதுங்களா? டெல்டாக்காரங்க கேஸ் போட்டா?

50 மீட்டருக்கு ஒரு தூண் என்றால் 3 கி.மீ.க்கு 60 தூண். ஒவ்வொன்றும் 3 மீட்டர் விட்டம், 30 மீட்டர் நீருக்குள் என்று வைத்தால் மொத்தம் 12,700 கன மீட்டர். ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கன மீட்டர். இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஓர் ஆண்டின் ஆவியாதலோடு வைத்துப் பார்த்தால் இது பேச்சுக்கே எடுபடாது. மண் கரை மட்டும் வேறு விஷயம், அதன் கணக்கு மேலே இருக்கிறது.

நீர்வளத் துறை கேட்கப்போவது வேறொன்று. அணைக்கு அருகே பாறையை வெடி வைத்து உடைத்தால் அதிர்வு எவ்வளவு, மதகுப் பக்கம் ஓட்டம் மாறுமா என்பவை. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இவற்றுக்குக் கணக்குக் காட்டாமல் நகர முடியாது.

மெதக்கற பாலம் போட்டா தண்ணியோட சேந்து ஏறி எறங்குமுங்களே, அதுதான சரி?

அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் ஏரிமேல் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். 2016-ல் திறந்த பாலம் 2,350 மீட்டர் நீளம், 77 கான்கிரீட் மிதவைகள். ஏரி 60 மீட்டர் ஆழம், அதற்கும் கீழே சகதி, தூண் நட வழியில்லை. இன்னொரு மிதவைப் பாலத்தில் மின்சார ரயில் தண்டவாளமே போட்டு 2025-ல் ஓட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த ஏரியின் மட்டத்தை ஆண்டு முழுவதும் இரண்டடி வித்தியாசத்துக்குள் வைத்திருக்கிறார்கள். நமக்கு எழுபது, எண்பது அடி. கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் இணைப்புத் தளம் நிறைந்த அணையில் சமமாகவும், வற்றிய அணையில் செங்குத்தாகவும் நிற்கும். 25 மீட்டர் இறக்கத்தை நாற்பதுக்கு ஒன்று சாய்வில் சமாளிக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு கி.மீ. இணைப்பு வேண்டும். வற்றும்போது ஓர மிதவைகள் தரை தட்டி, மேடுபள்ளத்தில் உட்கார்ந்து விரிசல் விடும். நங்கூரக் கயிறுகள் தொய்ந்து பாலம் பக்கவாட்டில் அசையும்.

மிதவை மூழ்கவும் செய்யும். அதே ஏரியின் 1940-ஆம் ஆண்டுப் பாலம் 1990 நவம்பரில் புதுப்பிக்கும் வேலையின்போது, மிதவைகளுக்குள் தேங்கிய நீரோடு புயல்மழையும் சேர்ந்து அடியில் போய்விட்டது.

அடியில சொரங்கம் தோண்டிட்டா தண்ணி ஏறுனா என்ன, எறங்குனா என்ன?

மட்டப் பிரச்சினை தீரும், நீளப் பிரச்சினை தொடங்கும். கரையிலிருந்து ஏரித்தரை 30 மீட்டர் பள்ளம், அதற்குக் கீழே 30 மீட்டர் பாறை மூடாக்கு என்றால் 60 மீட்டர் இறங்க வேண்டும். நாற்பதுக்கு ஒன்று சாய்வில் பக்கத்துக்கு 2.4 கி.மீ. மூன்று கி.மீ. ஏரிக்கு எட்டு கி.மீ. சுரங்கம்.

பவானிசாகரில் இன்னொரு சிக்கல். மோயாறும் பவானியும் இஷ்டத்துக்கு ஓடும் ஆறுகள் இல்லை. பூமிப் பாறை நசுங்கி, நொறுங்கிப் பட்டையாக நீண்டு கிடக்கும் பிளவு மண்டலங்களின் வழியே ஓடுகின்றன. நிலவியலில் அவற்றுக்கு மோயாறு–பவானி என்றே பெயர். இரண்டும் கூடுகிற இடத்தில்தான் அணை. நொறுங்கிய பாறையில், தலைக்கு மேல் நூறடித் தண்ணீர் நிற்க, இயந்திரம் குடைந்து போகும்போது கசிவை அடைக்கச் சிமென்ட் கரைசல் ஏற்றுவதிலேயே மாதங்கள் கழியும்.

ஐஐடி பசங்க ஹைப்பர்லூப் ஓட்டறாங்களே, அது?

ஹைப்பர்லூப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் பயணப் பெட்டியை ஓட்டும் முறை. சென்னை ஐஐடி மாணவர்களின் சோதனைக் குழாய் தையூர் வளாகத்தில் 422 மீட்டர் நீளம். ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம், பயணத்துக்கு இன்னும் வெகு தூரம். உலகில் ஆளை வைத்து ஓட்டியது 2020 நவம்பரில் அமெரிக்க நெவாடாவில், 500 மீட்டர் குழாயில், மணிக்கு 172 கி.மீ. வேகத்தில். அதை நடத்திய நிறுவனம் 2023 கடைசியில் மூடப்பட்டது.

ஏரிமேல் என்றால் இரும்பின் விரிவு தனித் தலைவலி. நம் வெயிலுக்கு 30 டிகிரி வித்தியாசத்தில் 10 கி.மீ. குழாய் 3.6 மீட்டர் நீளும். காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில் அந்த நீட்சிக்கு இணைப்பு வைத்து ஒழுகாமல் காப்பது இன்னும் தீராத வேலை. தூண் செலவும் குறையாது. பாலத்துக்கு வேண்டிய அதே தூண்கள் இதற்கும் வேண்டும்.

பழநியில இருக்கற மாதிரி ரோப்காராச்சும்? இல்லீன்னா ஸ்பீடு போட்டு?

ரோப்கார் முடியும். வியட்நாமில் கடல்மேல் 7.9 கி.மீ. நீளத்துக்கு 2018 முதல் ஓடுகிறது. வேகம் விநாடிக்கு 8 மீட்டர் அளவு, 3 கி.மீ.க்கு ஆறு ஏழு நிமிடம். சுற்றுலாவுக்கு ஏற்றது. நெல் மூட்டையும் மொபெட்டும் ஏறாது. காற்று பலத்தால் நிறுத்தியே ஆக வேண்டும். பழநியில் பார்ப்பதுதானே.

படகுதான் இன்றைக்கே செய்யக்கூடியது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே இருசக்கர வாகனங்களோடு விசைப்படகு ஓடுகிறதே, அது கதவணை நீர், மட்டம் அதிகம் மாறாது. மேட்டூர், பவானிசாகரில் இறங்குதுறையே ஓடிப் போகும். மார்ச்சில் கரை அரை கி.மீ. உள்ளே போய்விட, நடுவில் சேறு. கொச்சி வாட்டர் மெட்ரோவில் உள்ளதுபோல மிதக்கும் ஜெட்டி வேண்டும். அங்கே ஒரு மீட்டர் அளவு ஏற்றஇறக்கம், இங்கே அதைத் தண்டவாளத்தில் இழுத்து நகர்த்த வேண்டியிருக்கும். ஸ்டாக்ஹோமில் 2024-ல் விட்ட இறக்கைப் படகு (நீருக்கு அடியிலுள்ள இறக்கையால் மேலெழும்பி ஓடுவது) மணிக்கு சுமார் 46 கி.மீ. வேகத்தில் 30 பேரை ஏற்றிப் போகிறது. நம் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டையும் மீன்வலையும் அதன் இறக்கையை முதல் வாரமே பதம் பார்த்துவிடும்.

காட்டிலாகா உடுமுங்களா?

மேட்டூரின் மேச்சேரி, கொளத்தூர்ப் பக்கம் துறைகளைப் பார்த்துத் தேர்ந்தால் வாய்ப்பு உண்டு. பவானிசாகரின் வடகரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் கரையே அதுதான். அங்கே பாலத்தின் கால் ஊன்ற வனப் பாதுகாப்புச் சட்டத்தின் அனுமதி போதாது, தேசிய வனவிலங்கு வாரியம்வரை போக வேண்டும். திம்பம் சாலையில் 2022 பிப்ரவரி முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துக்கே தடை இருக்கும்போது, புதுப் பாதைக்கு இசைவு கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஈரநில விதி தடுக்குமா என்றும் கேட்கிறார்கள். பாசனத்துக்கென்று கட்டிய நீர்த்தேக்கங்கள் 2017 விதிகளின் வரம்பில் வராது. அந்த வாதத்தை நம்பி எதிர்ப்பதும் வீண்.

சத்தி–சாம்ராஜ்நகர் ரயிலு வந்தா இந்த அணை மேலதான் போகுமுங்களா?

போகத் தேவையில்லை. அந்தத் தடத்தின் சிக்கல் தண்ணீர் இல்லை, ஏற்றம். பண்ணாரி அடிவாரத்திலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு, 800 மீட்டருக்குக் குறையாத ஏற்றம். நாற்பதுக்கு ஒன்று சாய்வில் ஏற 32 கி.மீ. பாதை வேண்டும், அதுவும் காட்டுக்குள்.

கலெக்டர்கிட்ட மனுக் குடுக்கறோம், என்னன்னு எழுதறதுங்க?

அதிவேகம், புல்லட் என்ற சொற்களைத் தவிருங்கள். இரு கரைத் துறைகளின் பெயர், அணை நிறைந்தபோதும் வற்றியபோதும் இடையிலுள்ள அகலம், சாலையில் சுற்றும் தூரம் ஆகியவற்றை முதல் பத்தியில் வையுங்கள். ஒரு சந்தை நாள், ஒரு சாதாரண நாள் என்று இரண்டு நாளும் காலை முதல் மாலைவரை பரிசலில் கடக்கும் ஆட்கள், வண்டிகளை எண்ணி, ஊராட்சித் தலைவர் கையொப்பத்துடன் இணையுங்கள். கடந்த பத்தாண்டு தினசரி நீர்மட்டம் நீர்வளத் துறையிடம் இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பரிசல் ஓடாத நாட்கள் எத்தனை என்று அதிலிருந்தே காட்ட முடியும்.

பாலம் இறங்கும் இரு முனைகளின் சர்வே எண்ணையும், அது பட்டாவா, புறம்போக்கா, வனமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். ஒரு முனை வனத்தில் விழுந்தால், கொஞ்சம் மேலேயோ கீழேயோ வேறு இடத்தையும் மாற்றாகக் குறிப்பிடுங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.